உண்மை விளக்கம்: ஆப்பை மூடினால் வாடகை சைக்கிளின் கட்டணம் நிற்காது

"நிலையமில்லாத (குறிப்பிட்ட ஸ்டாண்டில் விட வேண்டியிராத) வாடகை சைக்கிளை ஓரமாக விட்டு ஆப்பை மூடினால் போதும், கட்டணம் நின்றுவிடும்." சேலம் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் இத்தகவல் தவறு.

கட்டணக் கணக்கு ஓடுவது நிறுவனத்தின் சர்வரில், போனில் அல்ல. சைக்கிளிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஆப்பில் ஸ்கேன் செய்ததும் பின்சக்கரப் பூட்டு தானாகத் திறக்கும்; மூடுவது பெரும்பாலும் கைவேலை. 'டக்' சத்தம் வரும்வரை பூட்டின் பிடியை அழுத்த வேண்டும். ஸ்போக்ஸ் இடறினால் பூட்டாது. முரட்டுத்தனம் வேண்டாம், சக்கரத்தை இரண்டு விரற்கடை உருட்டி மறுபடி அழுத்துங்கள். பயணம் முடிந்ததாக ஆப்பில் வரும்வரை நகராதீர்கள்.

தரைக்கடி பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பூட்டியும் பணம் ஓடலாம். ஐந்து ரோடு மேம்பாலத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும், நிறுத்துமிடம் தப்பாகக் காட்டும். வெளியே தள்ளி வந்து பூட்டுங்கள்.

சீனத்தில் 2014-இல் தொடங்கிய ஓஃபோ என்ற வாடகை சைக்கிள் நிறுவனத்தின் ஆரம்ப சைக்கிள்களில் எண் பூட்டுதான். பயணத்தை ஆப்பில்தான் முடிக்க வேண்டியிருந்தது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அப்போதும் ஆப்பை வெறுமனே மூடினால் முடிந்ததாகாது.