பொன்னாடைகளுக்கு நடுவே கொஞ்சம் சினிமா

கும்பகோணத்தில் ஒரு திருமண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உலகத் திரைப்பட விழா என்று அறிவித்திருந்தார்கள். காலை 9.30க்கு சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, அடுத்து இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, பிற்பகலில் ஓர் ஈரானியப் படம், மாலை 5 மணிக்கு நம் பகுதி இளைஞர்கள் எடுத்த குறும்படங்கள் என்று அழைப்பிதழில் இருந்ததை நம்பி, குடவாசல், வலங்கைமான், பாபநாசம் பக்கங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் காலையிலேயே பேருந்து பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். 9.30க்குப் படம் தொடங்கவில்லை, குத்துவிளக்கு ஏற்றுவதுதான் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை என்று நீண்டு, ‘நேரமின்மை கருதிச் சுருக்கமாக முடிக்கிறேன்’ என்று தொடங்கிய ஒருவர் முக்கால் மணி நேரம் பேசி அமர்ந்தபோது மணி 11.15.

சரி, ஒருவழியாகப் படம் வந்ததே என்று நிமிர்ந்தால், திரையில் இருந்தவர்கள் எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யின் சட்டகம் (ஃபிரேம்) 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில், ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். அதை இன்றைய 16:9 அகலத்துக்கு இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் சுமார் 30 விழுக்காடு அகன்றுவிடும். பசியிலும் முதுமையிலும் கன்னம் ஒட்டிப்போய்க் கூன் விழுந்து நடக்கும் அந்த இந்திர் கிழவி, மூன்று வேளையும் தலைவாழை இலை போட்டுச் சாப்பிட்டவளைப் போலக் காட்சியளித்தாள். ஒரு வறுமைக் கதையை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது வி.எல்.சி. பிளேயர். அதில் ‘ஏ’ விசையை ஓரிரு முறை தட்டினால் விகிதம் மாறும். இல்லையென்றால் புரொஜெக்டரின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். எழுந்து போய் அதை இயக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னேன். “மாத்தினா ரெண்டு பக்கமும் கறுப்பா வருது சார், ஸ்கிரீன் ஃபுல்லா இல்லன்னு தலைவர் திட்டுறாரு” என்றார். தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. திரைக்கு வாடகை கொடுத்தவருக்கு அது முழுவதும் நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படத்தின் மூல நெகடிவ் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகியது. அந்தக் கருகிய சுருள்களை எறியாமல் பாதுகாத்து, பின்னர் இத்தாலியின் பொலோனா நகரில் கையாலேயே பதப்படுத்திப் பிரித்து, மிஞ்சிய பகுதிகளோடு வேறு பிரதிகளையும் சேர்த்து, 2015இல் புதிய பிரதியாக வெளியிட்டார்கள். நெருப்பிலிருந்து மீட்டு, சட்டகம் சட்டகமாகத் துடைத்துக் கொடுத்த ஒரு படைப்பு நம் ஊருக்கு வந்துசேர்ந்தால், அதை ரப்பரைப் போல இழுத்துக் காட்டுகிறோம்.

உண்மையில் எனக்குக் கோபம் தலைக்கேறியது அடுத்த படத்தில்தான். 1948இல் வந்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ வெறும் ஒன்றரை மணி நேரப் படம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம் என்பதால் அடகிலிருந்து மீட்டு வந்த சைக்கிளை முதல் நாளே பறிகொடுத்த ஒருவன், தன் சிறுவனோடு ரோம் நகரம் முழுவதும் அதைத் தேடி அலைகிறான். வேறு வழியே இல்லாமல் அவன் என்ன செய்யத் துணிகிறான், மகன் கண்முன்னே அவனுக்கு என்ன நேர்கிறது என்பது கடைசிச் சில நிமிடங்களில்தான் வருகிறது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில், தகப்பனும் மகனும் நடைபாதை ஓரத்தில் அமர்ந்திருக்கும்போது, மண்டபத்தின் விளக்குகள் அத்தனையும் எரிந்தன. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். படத்தை நிறுத்தி, மேளம் வாசித்து, அவரை மேடையேற்றி, மாலையும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து, அவர் ‘சினிமாவால் சீரழியும் இளைஞர்கள்’ பற்றி விரிவாக உரையாற்றி முடித்ததும் சாப்பாட்டுப் பந்தி போடப்பட்டது. படம் மறுபடி ஓடவே இல்லை. என் பக்கத்திலிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, “சைக்கிள் கெடச்சுதா இல்லையா சார்?” என்று அமைப்பாளர் ஒருவரிடம் கேட்டாள். “யூடியூப்ல இருக்கும்மா, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் சாம்பார் வாளியைத் தேடிப் போனார். யூடியூபில் பார்த்துக்கொள்வதற்கு அவள் எதற்கு ஞாயிற்றுக்கிழமை இத்தனை தூரம் வர வேண்டும்?

ஈரானியப் படத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சப்டைட்டில் முதலில் சற்றே முந்தியது, போகப்போக நிமிடக் கணக்கில் முந்தியது. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் பிரதியோடு 25 சட்டகத்துக்கான சப்டைட்டில் ஃபைலைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். முதல் நாள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த எழுத்துகளின் கீழ்வரியை மேடையிலிருந்த பூந்தொட்டிகள் மறைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘இலவசமாகத்தானே காட்டுகிறோம், இதில் குறை சொல்லலாமா’ என்று பதில் வைத்திருக்கிறார்கள். வாரம் முழுவதும் வேலை பார்ப்பவனின் ஒரே ஞாயிற்றுக்கிழமையும் பேருந்துச் செலவும் யார் கணக்கில் சேரும்? டெல்டாக்காரர்களுக்கு நேரம் பார்த்து நடத்தத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. பக்கத்திலிருக்கும் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று காலை 9 மணி அளவில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக அமர்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுகிறார்கள். அவற்றில் ஸ்ரீராகக் கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் பாட்டை நிறுத்தி யாருக்காவது பொன்னாடை போர்த்துவார்களா? மெலட்டூரில் பாகவத மேளா நாட்டிய நாடகம் விடிய விடிய நடக்கும்போது, தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும் நேரம் பார்த்து யாராவது மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்குவார்களா? அங்கே கலை பெரியது என்று தெரிந்த நமக்கு, சினிமா என்றதும் மட்டும் அது பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே இடத்தை அடைக்கும் பொருளாகிவிடுகிறது.

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் குறும்படங்களுக்குச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. 5 மணிக்கு என்று போட்டிருந்தவை 8.40க்குத் தொடங்கின. அதற்குள் தூரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்கள். சொந்தக் காசில், கடன் வாங்கிய கேமராவில், வெண்ணாற்றங்கரையில் படம் எடுத்த பையன்கள் தங்கள் பெற்றோரை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால் இருந்தவை காலி நாற்காலிகள். வாழ்த்துரை வழங்கியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அடுத்த ஆண்டும் விழா உண்டு என்று நன்றியுரையில் சொன்னார்கள். அப்படியானால் அந்தப் பையன்களின் படங்களைக் காலை 9.30க்கே போடட்டும், உரைகள் அனைத்தையும் கடைசிப் பேருந்து போன பிறகு வைத்துக்கொள்ளட்டும்; உரையாற்றுபவர்கள் எல்லோரும் காரில்தானே வருகிறார்கள்.