பூவரசம் மொட்டும் ஸ்வீட் பாக்ஸும்

நான் அட்டைப்பெட்டி டிசைன் செய்பவன். வீடு திருவொற்றியூர், வேலை கிண்டியில். போன ஆடியில் கால் கிலோ ஸ்வீட் பாக்ஸ் ஒன்று கேட்டார்கள். பசை கூடாது, ஸ்டேப்ளர் பின் கூடாது, மூடினால் தானாகத் திறந்துகொள்ளவும் கூடாது. பத்து நாள் கம்ப்யூட்டரே கதி. பதினைந்து மாதிரி வெட்டினேன். அத்தனையும் எங்கோ பார்த்த பெட்டிதான்.

அந்த வாரம் ஒரு நாள் விடியற்காலை கடல் பக்கம் நடந்தேன். எங்கள் பகுதியில் மணல் குறைவு. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான் கரை. ரோட்டோரம் ஒரு பூவரசு. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி வளர்ந்தவன் நான். மொட்டை மட்டும் உற்றுப் பார்த்ததே இல்லை.

அன்று பார்த்தேன். ஐந்து இதழும் ஒரே பக்கமாக முறுக்கியிருந்தன. ஒவ்வோர் இதழும் ஒரு ஓரத்தால் பக்கத்து இதழை மூடுகிறது. அதன் மறு ஓரம் இன்னொரு இதழுக்கு அடியில் போகிறது. எது முதல், எது கடைசி என்று சொல்ல முடியாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. செம்பருத்தி, பருத்தி, வெண்டை எல்லாம் இதே குடும்பம், இதே முறுக்கு. பள்ளியில் 'திருகு இதழமைவு' என்று மனப்பாடம் செய்தது அப்போதுதான் கண்ணுக்குப் புரிந்தது. தினமும் போய் நின்றேன். காலையில் வெளிர் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலம் சிவக்கத் தொடங்கும். பெட்டி நினைப்பே வரவில்லை.

நான்காம் நாள் ஆபீசில் கத்தரி எடுத்ததும் கை தானாகப் பெட்டியின் வாயை மூடும் நான்கு ஃப்ளாப்பையும் (மடிப்பையும்) வளைத்து வெட்டியது. சுற்றிச் செருகினேன். கடைசி ஃப்ளாப் முதலாவதன் அடியில் போய் உட்கார்ந்தது. கவிழ்த்து ஆட்டினேன், திறக்கவில்லை. இப்படி மூடுவது உலகத்துக்குப் புதிதல்ல. எனக்கு அது மொட்டிலிருந்து வந்தது.

சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்து, ஒட்டியிருந்த முட்காய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நுனியெல்லாம் குட்டிக் கொக்கிகள். அதிலிருந்து பிறந்ததுதான் வெல்க்ரோ, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் பட்டை. காப்புரிமை கிடைத்தது 1955இல். நம் வேட்டியிலும் நாயுருவி ஒட்டத்தான் செய்கிறது, தட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஒரே வேலையில் மனதை இழுத்துப் பிடித்தால் அது களைத்துவிடும். இலை அசைவதையோ அலையையோ பார்க்கும்போது அது ஓய்வெடுக்கிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989இலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். ஆகவே, டீம் நடத்துபவர்களே, ஐடியா வேண்டும் என்று ஏசி அறையில் பூட்டி வைக்காதீர்கள். இருபது நிமிடம் வெளியே அனுப்புங்கள், போன் டேபிளிலேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் "என்ன கிடைத்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த நாள் அவர் மரத்தைப் பார்க்க மாட்டார், பதிலைத் தேடுவார்.

வடசென்னையில் பார்க்க என்ன இருக்கிறது, லாரியும் புகையும்தானே என்பார்கள். லாரியும் புகையும் உண்டு, அதற்காகப் போராடவும் வேண்டும். அதே ரோட்டில்தான் அந்தப் பூவரசும் நிற்கிறது.

உங்கள் தெருவில் பூவரசு இருந்தால் நாளைக் காலை ஒரு மொட்டைப் பாருங்கள். முறுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? எங்கள் மரத்தில் இரண்டு விதமும் இருக்கின்றன.