பழிவாங்கினோம் என்று யாராவது எழுதித் தருவார்களா?

முறைகேட்டை வெளியே சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டதாக ஓர் ஊழியர் தொடுத்த வழக்கு, அது நிரூபிக்கப்படவில்லை என்று நேற்று தள்ளுபடியானது. "ஆதாரம் இல்லையென்றால் பொய் வழக்குதானே" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் நண்பர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிரூபிக்க முடியவில்லை என்பது வேறு, நடக்கவில்லை என்பது வேறு. முறைகேட்டை வெளியே சொன்னவரை வேலையைவிட்டு அனுப்பும் எந்த நிர்வாகமும் உத்தரவில் அந்தக் காரணத்தை எழுதாது. 'ஆள்குறைப்பு' என்று எழுதும், 'பணித்திறன் போதாது' என்று எழுதும்.

உரிமையியல் (சிவில்) வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் எதையெல்லாம் காட்ட வேண்டும்? நான் புகார் செய்தேன். அது அவர்களுக்குத் தெரியும். பிறகு என்னைத் தண்டித்தார்கள். புகாரால்தான் தண்டித்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் என்னிடம் இருக்கலாம். மற்ற இரண்டும் அவர்களுடைய மனத்திலும் அவர்களுடைய கணினியிலும் கிடக்கின்றன.

நான் பட்டதைச் சொல்கிறேன். போலி பில்களைப் பற்றி மேலாளரிடம் வாய்மொழியாகத்தான் சொன்னேன். சொன்ன 18-ஆம் நாள் இடமாற்ற உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய 6 ஆண்டு மதிப்பீடுகளில் ஒரு குறைகூட இல்லை. நான் தொடுத்த வழக்கின் குறுக்கு விசாரணையில் மேலாளர், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். அருகில் நின்று கேட்ட சக ஊழியர் சாட்சி சொல்ல வரவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, புரிகிறது. புரிந்தாலும் வலிக்கிறது. ஆகவே, புகார் சொல்ல நினைப்பவர்களே, எழுத்தில் கொடுங்கள், தேதியோடு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள்.

"வேலை செய்யாதவர்களெல்லாம் புகாரைக் கேடயமாக்கிக்கொள்வார்கள்" என்ற வாதமும் வரும். சிலர் செய்யலாம். அப்படிப்பட்டவரைப் பற்றி நிர்வாகத்திடம் பழைய குறிப்பாணை (மெமோ) ஒன்றாவது இருக்குமே, அதைக் காட்டட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, முறைகேட்டை வெளியே சொல்பவர்களைப் பாதுகாப்பதற்கானது, இதைத்தான் சொல்கிறது: புகாரையும் பாதிப்பையும் ஊழியர் காட்டிவிட்டால், வேறு காரணம் இருந்தது என்று மெய்ப்பிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2024-இல் மர்ரே என்ற ஊழியர் தொடுத்த வழக்கில், நிறுவனங்களின் நிதி மோசடியைத் தடுக்கும் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி பழிவாங்கும் எண்ணத்தை ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை, நடவடிக்கைக்குப் புகாரும் ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினால் போதும் என்று ஒருமனதாகச் சொன்னது. அந்த நீதிபதிகளுக்கு, இன்னொருவர் மனத்தைத் திறந்து காட்டு என்று கேட்பதிலுள்ள அநியாயம் தெரிந்திருக்கிறது.

ஆவணம் முழுவதும் அவர்கள் கையில். சாட்சிகள் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். வழக்கறிஞர் கட்டணம் நிறுவனத்தின் கணக்கில். வேலை போனவரோ சேமிப்பை உடைத்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைகிறார். அவரைப் பார்த்தா ஆதாரம் எங்கே என்று கேட்கிறீர்கள்?

நேற்று அப்படிக் கேட்ட என் நண்பர்கள் இருவரில் ஒருவர், அன்று மேலாளர் அறையில் என் அருகில் நின்றவர்.