என் அப்பா மரக்கொலைகாரர் இல்லை

அந்த வீடியோவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் அம்மையார் மேடையில் நின்று கையை நீட்டச் சொல்ல, பிள்ளைகள் எல்லாம் "காகிதம் மரத்தின் பிணம், ஒரு நோட்டு ஒரு மரத்தின் உயிர், காகிதம் தொட மாட்டேன்" என்று உறுதிமொழி எடுத்தார்களே, அதேதான். ஆளாளுக்கு ஹார்ட் விட்டிருக்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் ரெட்டை ஜடையோடு கை நீட்டி நிற்பது என் அக்கா பொண்ணு.

பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் போடாதீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் தாத்தாவோடு மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு தோப்புக்குப் போவது அவள் வழக்கம். அன்றைக்கு வரவில்லை என்றுவிட்டாள். ஏன்டா என்று கேட்டதற்கு என் காதோரம் வந்து, "மாமா, தாத்தா மரத்தைக் கொல்றாரா?" என்றாள். அப்பா திண்ணையில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பக் கேட்டது.

ஆகவே அம்மையாருக்கும், ஹார்ட் விட்ட உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அப்பா தோப்பில் வளர்ப்பது காகிதம் செய்யப் போகிற சவுக்கு மரம். சவுக்கு பயிர். நெல் பயிர், கரும்பு பயிர், சவுக்கும் பயிர்.

எங்கள் கடலூர் பக்கத்து மணல்பாங்கான நிலத்தில் ஏக்கருக்கு 4,000 கன்று வைப்போம். முதல் கோடையில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் காட்டுவது போலக் காட்ட வேண்டும். பக்கக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். நாலு வருஷம் போனால் வெட்டு. நடுத்தண்டு கட்டையாகக் காகித ஆலைக்கு லாரி ஏறும், மிலாறு என்கிற சிறு கிளைகள் அடுப்புக்குப் போகும், தூரைத் தோண்டி எடுத்தால் அதற்கும் விலை உண்டு. அடுத்த மழைக்கு அதே மண்ணில் திரும்பக் கன்று. அப்பா இப்படி எத்தனை முறை நட்டிருக்கிறார் என்று எண்ணினால், அந்த மேடையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து வாழ்நாளில் வைத்த மரத்தைவிட நூறு மடங்கு வரும். மரம் வைப்பவர் யார், வெட்டுபவர் யார்? இரண்டும் அவர்தான். வெட்டுவோம் என்று தெரிந்துதான் வைக்கிறார். நெல்லை அறுக்கிறவனிடம் போய் "புல்லைக் கொல்கிறாயே" என்று யாராவது கேட்பார்களா?

கணக்கும் தப்பு. எங்கள் தோப்பில் ஏக்கருக்கு 40 டன் சொச்சம் வரும். அதாவது மரத்துக்குப் பத்து கிலோ. காகிதம் செய்கிற மரக்கூழ் ஒரு டன்னுக்கு நாலு டன்னுக்கு மேல் பச்சை மரம் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் கூழ் கிடைக்கும். கால் கிலோ நோட்டு எட்டாவது வரும். ஒரு நோட்டுக்கு ஒரு உயிராம். கணக்கு டீச்சர் யாரும் அந்த மேடையில் இல்லைபோல.

"காடுகளை அழித்த வரலாறு தெரியாதா?" என்று ஒருவர் வருவார். தெரியும் சார். 1950-களின் கடைசியில் கர்நாடகத்தில் தண்டேலிக் காட்டு மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்குக் காகித ஆலைக்குக் கொடுத்தார்கள். கூடை முடைகிறவர்களுக்கு அதே மூங்கில் சந்தையில் டன் ஆயிரக்கணக்கான ரூபாய். சும்மா கிடைப்பதை எவன் சிக்கனமாக வெட்டுவான்? மொட்டையடித்தார்கள். சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் இதை எழுதி எழுதி மாய்ந்தார். அதனால்தான் 1988 தேசிய வனக்கொள்கை, காட்டை நம்பாதே, உனக்கு வேண்டிய மரத்தை விவசாயியோடு சேர்ந்து வளர்த்துக்கொள் என்று ஆலைகளுக்குச் சொன்னது. அப்படித்தான் சவுக்கும், தைலமரம் என்கிற யூகலிப்டஸும், சூபாபுலும் மலைவேம்பும் பட்டா நிலத்துக்கு வந்தன. காட்டிலிருந்து ஆலையின் கையை எடுக்க வைத்ததில் என் அப்பா மாதிரி ஆட்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. கொலைகாரர் பட்டம் மட்டும் வீடு தேடி வருகிறது.

காகிதம் என்றாலே மரம் என்பதும் பாதிக் கதைதான். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். 1979-ல் தொடங்கப்பட்டதே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத்தான். நம் நாட்டில் தயாராகும் தாளில் பாதிக்கு மேல் பழைய தாளை அரைத்துச் செய்தது. உங்கள் வீட்டு பழைய பேப்பர்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறாரே, அது எங்கே போகிறது என்று நினைத்தீர்கள்?

கோபப்பட வேண்டிய இடம் உண்மையிலேயே இருக்கிறது. இந்தோனேசியாவின் சுமத்ராவில் ரியாவ் பக்கம் மழைக்காட்டை அழித்து, செடிகொடி மட்கிச் சேர்ந்த கரிச்சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, கூழுக்காகவே வேல மரம் நட்டார்கள். காய்ந்த சதுப்பு தீப்பிடித்தால் அணையாது. 1997-லும் 2015-லும் வந்த புகைமூட்டத்தை சிங்கப்பூரில் இருக்கிற நம் நண்பர்களைக் கேளுங்கள், மாஸ்க் போட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்த கதையைச் சொல்வார்கள். அந்த நாட்டுத் தாளும் ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஒப்பந்தப்படி சுங்க வரி இல்லாமல் இங்கே வந்து இறங்குகிறது. பிள்ளைகளுக்கு உறுதிமொழி வேண்டுமா? "இந்தத் தாளுக்கு மரம் எந்த நிலத்தில் வளர்ந்தது என்று கேட்பேன்" என்று சொல்லிக்கொடுங்கள். தாள் கட்டின் மேல், மரம் பொறுப்பாக வளர்த்த இடத்திலிருந்து வந்தது என்று சான்று சொல்லும் எஃப்.எஸ்.சி. முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அந்த முத்திரையே எல்லாம் என்று சொல்லவில்லை. ஒன்றரை ஏக்கர்காரன் தனியாக அதை வாங்க முடியாது, குழுவாகச் சேர்ந்தால்தான் உண்டு. இருந்தாலும் மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியாவது அதில் இருக்கிறது. "காகிதம் தொட மாட்டேன்" என்பதில் என்ன இருக்கிறது?

அடுத்து, "ஆர்.எஸ்.பதி மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டதே" என்று புதுக்கோட்டை நண்பர்கள் வருவார்கள். தைலமரத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அங்கே அந்த மரத்தை அகற்றச் சொல்லி விவசாயிகள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2017-ல் கர்நாடகம் யூகலிப்டஸ் நடுவதற்கே தடை போட்டது. மழைநீர் கண்மாய்க்குப் போகாமல் வரப்பு போட்டு மறித்துத் தைலமரம் வளர்ப்பதை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அதற்கும் எங்கள் சவுக்குக்கும் ஒரே தண்டனையா? சவுக்கு வேரில் முடிச்சு உண்டு. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். எல்லா மரத்தையும் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஆலைக் கழிவுநீர் பற்றிக் கேட்பீர்கள். அது பெரிய பிரச்சினை, இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை. "இப்படி எழுத ஆலைகிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று கேட்பவருக்கு: ஆமாம், வாங்கினோம். கட்டை போட்டோம், காசு வாங்கினோம். எவ்வளவு வாங்கினோம் என்பதையும் சொல்கிறேன் கேளுங்கள்.

சவுக்கை வெட்டிய நிமிஷத்திலிருந்து காய ஆரம்பிக்கும். காயக் காய எடை குறையும். போன வெட்டில் வியாபாரி இன்றைக்கு லாரி, நாளைக்கு லாரி என்று நாலு நாள் இழுத்தடித்தார். கட்டை வெயிலில் கிடந்தது. எடை மேடை ரசீதைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றுமே சொல்லாமல் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் எங்கள் தலையில். அதற்கு முன்னால் 2011 டிசம்பர் 30, 'தானே' புயல். பொழுது விடிந்து பார்த்தால் மூன்று வருஷத் தோப்பு பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்டு என்றால் வாங்குகிறவன் என்ன விலை சொல்வான்? சொன்ன விலைக்குக் கொடுத்தோம். அப்போது எந்த மேடையிலும் எந்தப் பிள்ளையும் கை நீட்டி "விவசாயியின் மரத்துக்கு நியாய விலை கொடுப்போம்" என்று சொல்லவில்லை.

இதைச் சொல்லத்தான் வந்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. மரத்தை விற்று என்னைப் படிக்க வைத்தவரை ஒரு நாலாங்கிளாஸ் பிள்ளை தள்ளி நின்று பார்க்கிறாள். அந்தப் பார்வையை அவளுக்குக் கொடுத்தது யார்?

இதில் சிரிப்பு என்னவென்றால் அந்த விழா அழைப்பிதழ் என் கையில் இருக்கிறது. தடித்த ஆர்ட் அட்டை, உள்ளே பட்டர் பேப்பர், மேலே பளபளவென்று லேமினேஷன். லேமினேஷன் போட்ட அட்டையைப் பழைய பேப்பர்காரர்கூட வாங்க மாட்டார். அம்மையாருக்கு மேடையில் கொடுத்த பாராட்டு மடல், ஃபிரேம் போட்டது, அதுவும் காகிதம்தான். தொட்டு வாங்கிக்கொண்டார்.

அப்பாவிடம் வீடியோவைக் காட்டவில்லை. யாரோ காட்டியிருக்கிறார்கள். நேற்றுச் சாப்பிடும்போது, "பாப்பா நோட்டு கேட்டாளே, வாங்கிக் குடுத்தியா?" என்றார். வாங்கவில்லை என்றேன். "வாங்கிக் குடுடா. பாவம், எழுதாம என்ன பண்ணும்" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

வருகிற புதன்கிழமை கொல்லைத் தோப்பில் வெட்டு. பார்க்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், அம்மையாரும் வரலாம். காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். மிலாறு குத்தும், செருப்புப் போட்டுக்கொண்டு வரவும்.