"மிஸ், நீங்க என்ன பதில் எதிர்பார்க்கிறீங்க?"

ஒன்பதாம் வகுப்பு, வரலாற்றுப் பாடவேளை. புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: ஒரு போர் முடிந்த பிறகு, அதில் ஜெயித்தது யார் என்று எதை வைத்துச் சொல்வாய்?

பத்து நிமிடம் கழித்து, எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒரு பெண் எழுந்து என் மேசைக்கு வந்தாள். மேல் மூலையில் பெயரும் தேதியும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். மற்றபடி வெற்றுத் தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மிஸ், நீங்க என்ன பதில் எதிர்பார்க்கிறீங்க?"

"உனக்கு என்ன தோணுதோ அதை எழுதும்மா" என்றேன். அவள் நகரவில்லை. "அது சரியா இருக்குமான்னு தெரியலையே மிஸ்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அந்தப் பிள்ளை மேல் எந்தக் குறையும் இல்லை. ஒன்பது வருடமாக நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள். கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்கான பதில் ஏற்கெனவே எங்கேயோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதை எடுத்து வந்து ஒப்படைப்பதுதான் படிப்பு. அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட படிப்புக்கு மாற்றாக, பிள்ளை தானே சிந்திக்கப் பழக வேண்டும் என்கிற தத்துவம் ஹியூமனிசம். அதை நாம் தமிழில் பெரும்பாலும் 'மனிதநேயம்' என்று சொல்லிவிடுகிறோம். இரக்கத்துக்கும் உதவி செய்வதற்கும் அதே சொல்தான். அதனால் 'மனிதநேயக் கல்வி' என்றதும் அடிக்காமல், திட்டாமல், அன்பாகச் சொல்லிக்கொடுப்பது என்று புரிந்துகொண்டு அதோடு விட்டுவிடுகிறோம். அன்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தத் தத்துவம் ஆசிரியரிடம் கேட்பது அதைவிடக் கடினமான ஒன்று. அதனால் மானுடவாதம் என்றே எழுதுகிறேன்.

இந்தச் சொல் பிறந்ததே கல்வியைப் பற்றிய ஒரு சண்டையில்தான். 1808இல் நீட்ஹம்மர் என்ற ஜெர்மன் கல்வியாளர்தான் 'ஹூமனிஸ்முஸ்' என்ற சொல்லை ஒரு கல்விக் கொள்கையின் பெயராகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளி என்றால் வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் உடனே பயன்படுவதைச் சொல்லித்தர வேண்டும் என்றது ஒரு அணி. முதலில் மனிதரின் அறிவும் பண்பும் முழுதாக வளரட்டும் என்றது இவர் அணி. இதில் எனக்கு வியப்பாக இருப்பது, அந்த எதிர் அணியின் பெயர்தான் 'மனிதர் மேல் அன்பு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நேயம் அந்தப் பக்கம், மானுடவாதம் இந்தப் பக்கம்!

சொல் புதிது என்றாலும் காரியம் பழையது. 14, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இலக்கணம், சொல்வன்மை, கவிதை, வரலாறு, அறவியல் என்ற ஐந்தையும் சேர்த்து மானுடப் படிப்புகள் என்றார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் வழக்கறிஞர்களையும் மருத்துவர்களையும் சமய அறிஞர்களையும் உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. யோசித்து எடை போடவும், நினைத்ததை எடுத்துச் சொல்லவும், ஒரு முடிவுக்கு வரவும் தெரிந்த மனிதரை யார் உருவாக்குவது என்று இவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் விட்டோரினோ ட ஃபெல்ட்ரே. 1423இல் மாண்டுவா நகரை ஆண்ட கொன்சாகா குடும்பம் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரை அழைத்தது. அவர் நடத்திய பள்ளிக்குப் பெயரே மகிழ்ச்சி இல்லம். ஆட்சியாளரின் பிள்ளைகளோடு ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்தார். அந்தக் குடும்பத்துப் பெண் சிசிலியா சின்ன வயதிலேயே அங்கே கிரேக்கம் படித்தாள். ஓட்டமும் விளையாட்டும் பாடத்தில் ஒரு பகுதி. ஒவ்வொரு பிள்ளையின் இயல்பையும் பார்த்து அதற்கேற்பப் பாடத்தை மாற்றினார். அறுநூறு வருடத்துக்கு முன்னால் இது நடந்திருக்கிறது. இன்றைக்கு நாம் இதையெல்லாம் புதுமை என்று அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரம்பைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1529இல் வெளியான குழந்தைக் கல்வி பற்றிய நூலில் டச்சு மானுடவாத அறிஞர் எராஸ்மஸ் பள்ளிகளில் நடந்த அடியை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அடி வாங்காமல் பிள்ளை உருப்படாது என்று இன்றும் சொல்கிறவர்கள், அந்த வாதத்துக்கு ஐந்நூறு வருடம் முன்பே பதில் சொல்லியாகிவிட்டது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொன்தேன். நிரப்பப்பட்ட தலையைவிட நன்றாக உருவான தலை மேல் என்று அவர் எழுதியதை எல்லோரும் மாணவர்களைப் பற்றி மேற்கோள் காட்டுகிறார்கள். நானே ஆசிரியர் கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். 1580இல் வந்த அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் அதைச் சொன்னது ஆசிரியரைப் பற்றி. பிள்ளைக்கு ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படிப்பட்ட தலை உள்ளவராகப் பாருங்கள் என்கிறார். ஆசிரியரே எப்போதும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, மாணவரைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டு அந்த நடையின் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பாடவேளை நாற்பது நிமிடம். அதில் எத்தனை நிமிடம் ஒரு பிள்ளையை எனக்கு முன்னால் நடக்கவிட்டிருக்கிறேன்?

இந்த மரபில் எல்லாமே பொன் என்று நான் சொல்லவில்லை. மனிதர் என்று அவர்கள் சொன்னபோது பெரும்பாலும் மனதில் இருந்தது வசதியுள்ள ஆண் பிள்ளை. சிசிலியா போன்றவர்கள் விதிவிலக்கு. தத்துவமும் சீக்கிரமே இறுகிப்போனது. பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் லத்தீனை வரிக்கு வரி நகலெடுப்பதுதான் படிப்பு என்று ஒரு கூட்டம் கிளம்ப, 1528இல் எராஸ்மஸே அவர்களைக் கடுமையாகக் கிண்டல் செய்து எழுத வேண்டியதாயிற்று. மனிதரைச் சிந்திக்கவைக்க வந்த பாடம் மனப்பாடப் பயிற்சியாகிவிட்டது. நான் சொல்லித்தரும் வரலாற்றுக்கு நேர்ந்திருப்பதும் அதுவேதான்.

மனப்பாடம் என்றாலே கெட்டது என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மானுடவாத ஆசிரியர்கள் பிள்ளைகளை நிறையவே மனப்பாடம் செய்யவைத்தார்கள். படித்ததில் நல்ல வரிகளைத் தலைப்பு வாரியாக ஏட்டில் எழுதிச் சேர்க்கவும் சொன்னார்கள். ஆனால் அதெல்லாம் நாளைக்குச் சொந்தமாகப் பேசவும் எழுதவும் கைவசம் வேண்டிய சரக்கு. நாம் சரக்கைச் சேர்க்கவைத்து, தேர்வு நாளில் எண்ணிப் பார்த்துவிட்டுக் கிடங்கைப் பூட்டிவிடுகிறோம்.

இதைத்தான் பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கி முறைக் கல்வி என்றார். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் வெறும் கணக்கு. அவர் பேசியதோடு நிற்கவில்லை. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் அவர் வழிகாட்டலில் சுமார் 300 பேருக்கு நாற்பது மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு தர முனைந்தார்கள். அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. அந்த மக்களின் வேலையிலும் வீட்டிலும் புழங்கிய சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றி முதலில் அவர்களைப் பேசவைத்து, பிறகு எழுத்துக்கு வந்தார்கள். மறு வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டைவிட்டே போனார். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பார்த்து ஓர் ஆட்சி பயந்தது என்றால், அந்த வகுப்பில் எழுத்தைத் தாண்டி என்ன நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1969இல் கற்கும் சுதந்திரம் பற்றி எழுதியதும் இந்த வழியில்தான். அவரைப் படித்துவிட்டு, ஆசிரியர் ஒதுங்கி நின்றால் போதும் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். என் அனுபவம் வேறு. வெற்றுத் தாளோடு வந்து நின்ற பிள்ளையிடம் "உனக்குத் தோணுறதை எழுது" என்று சொன்னதும் ஒதுங்கி நின்றதுதானே? அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

வேலைக்கு ஆகாத படிப்பு எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது, அதை நான் ஒருநாளும் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் பதிலை எடுத்து ஒப்படைக்கிற வேலையை இன்று கைப்பேசி ஒரு நொடியில் செய்துவிடுகிறது. அந்த வேலைக்காகவே பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளையைப் பழக்குவது எந்த விதத்தில் பிழைப்புக்கு உதவும்?

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "போர் முடிஞ்சதும் ஜெயிச்ச நாட்டுல எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்களா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வரி எழுதினாள்: "மகன் திரும்பி வராத வீட்டில் தோற்றுத்தான் போயிருப்பார்கள்." எழுதிவிட்டு 'தான்' என்பதை அடித்தாள். மறுபடி மேலே எழுதினாள்.

மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. கீழே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: "அப்படியென்றால் ஜெயித்தது யார் என்று முடிவு செய்வது யார்?"

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே தாள் என் மேசையில் இருந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஓர் இடத்தில் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. முதல் வரியை இப்படித் தொடங்கியிருந்தாள்: "உங்க கேள்வியே சரியில்லை மிஸ்."