குறையே இல்லாத மடக்குக் கத்தி கிடையாது, இதைச் சொல்லியே ஆகவேண்டும்

நேற்று ராத்திரி ஒரு கல்லூரிப் பையன் தன் மடக்குக் கத்தியைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தான். அந்தப் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், முழுக்க விவரிக்கப் போவதில்லை. "இதுக்கு மேல கத்தியே கிடையாது, மத்ததெல்லாம் குப்பை" என்று ஒருவர் தன் கத்தியைப் பற்றி எழுதியது ஒரு பக்கம். அந்தப் பையன் ஆசையாகப் போட்ட சின்ன சிவப்புக் கத்தியைப் பார்த்துச் சிரித்தவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். அதுதான் ஆறவில்லை.

குறையே இல்லாத மடக்குக் கத்தி கிடையாது. இன்னும் வரவில்லை என்று சொல்லவில்லை, வரவே முடியாது என்கிறேன். எஃகைக் கடினமாகப் பதம் ஏற்றினால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் ஆணியிலோ எலும்பிலோ பட்டால் விளிம்பு பொரிந்துவிடும். பதத்தை இளக்கினால் பொரியாது, சீக்கிரம் மழுங்கும். அலகு மெல்லிசாக இருந்தால் தக்காளி நசுங்காமல் அறுபடும், அதையே கட்டையில் போட்டு நெம்பினால் போச்சு. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். எத்தனை ஆயிரம் ரூபாய் கொட்டினாலும் இது மாறாது.

என்னிடம் இருப்பது ஓபினெல் 8ஆம் நம்பர், அலகு கார்பன் எஃகு, துருப்பிடிக்கிற ரகம். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த கத்தி. மாங்காய் நறுக்கினால், நறுக்கி முடிப்பதற்குள் அலகு நீலம் பாரித்துக் கறுக்க ஆரம்பிக்கும், முதல் துண்டில் இரும்பு வாடை அடிக்கும். ஐப்பசி அடைமழையில் மரப்பிடி ஈரம் குடித்து உப்பிக்கொண்டால் அலகு வெளியே வராது. பிடியின் அடிப்பக்கத்தைத் திண்ணையில் ஓங்கித் தட்டினால்தான் நகம் நுழைகிற அளவுக்கு எட்டிப் பார்க்கும். அதனால் இது குப்பையா? இதைவிடச் சுகமாக மாங்காயில் இறங்குகிற கத்தியை நான் தொட்டதில்லை.

சரி, பூட்டு. விரித்த அலகு தானாக மடங்கி விரலை நறுக்கிவிடாமல் காப்பது பூட்டுதானே, அதில்லாமல் எப்படி என்று கேட்கலாம். ஆனால் பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கத்தி மடங்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டும் இருக்கக் கூடாது. விரலைக் காப்பாற்றுகிற அதே பூட்டு அங்கே வழக்கில் மாட்டிவிடும். அப்போது எது நிறைவான கத்தி?

சுவிஸ் ராணுவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி செய்பவரான கார்ல் எல்சனர் 1891இல் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தியில் ஒரு அலகு, டின் திறப்பான், துளைபோடும் ஊசி, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி இருந்தன. உலகமே கொண்டாடும் சுவிஸ் கத்திகளின் தொடக்கம் அது. அதையே அவர்கள் 1908, 1951, 1961 என்று மாற்றிக்கொண்டே வந்து, 2008இல் ஒரு கையால் திறக்கிற, பூட்டு வைத்த, மரம் அறுக்கும் வாள் சேர்ந்த பெரிய கத்திக்குப் போனார்கள். சிப்பாயின் வேலை மாறியது, கத்தியும் மாறியது. அந்தப் பையன் வைத்திருந்ததும் அந்த சுவிஸ் கத்தி வகையைச் சேர்ந்ததுதான். அதைப் பார்த்தா சிரித்தீர்கள்?

"புது எஃகெல்லாம் வந்தாச்சு, நீங்க பழைய காலத்துல இருக்கீங்க" என்பீர்கள். 2021இல் வந்த மேக்னாகட் எஃகைப் பற்றித் தெரியும். துருவையும் தாங்குகிறது, எளிதில் பொரியவும் பொரியாது, நல்ல எஃகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலகின் கனம் எவ்வளவு, பூட்டு வேண்டுமா, பையில் எத்தனை கிராம் தொங்கும் என்பதையெல்லாம் எஃகு முடிவு செய்யாது. அப்புறம் "எனக்கு அது நிறைவான கத்தி, உங்களுக்கென்ன" என்று ஒரு வாதம். உங்களுக்கு என்றால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் கத்தியைக் குப்பை என்று சொன்ன பிறகு அந்த வாதத்துக்கு வராதீர்கள். பொறாமை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் கிடையாது.

அப்பா வயரிங் வேலை பார்த்தவர். அவருடைய மடக்குக் கத்தி தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டிருந்தது. தீட்டத் தீட்ட வெட்டுவிளிம்பு முதுகுப் பக்கம் ஏறும், அங்கே அலகு கனம், அதனால் காய் நறுக்க அது உதவாது. ஆனால் அந்த மொண்ணைக் கூரால் வயரின் மேல்தோலைச் சீவினால் செம்பில் ஒரு கீறல் விழாது. குறுகிப்போன அலகு மற்ற கத்தி நுழையாத சுவிட்ச் பெட்டிக்குள்ளும் போகும். ஒருநாள் ஒரு வீட்டுக்காரர் என் எதிரிலேயே அதைக் கையில் வாங்கி, "இதை வச்சிக்கிட்டா வேலை பாக்குறீங்க" என்று சிரித்துவிட்டு மேஜையில் போட்டார். அப்பா எதுவும் சொல்லாமல் எடுத்து, துணியில் துடைத்து, வேலையைத் தொடர்ந்தார். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. நேற்று அந்தச் சிரிப்புக் குறிகளைப் பார்த்தபோது அந்த மேஜைச் சத்தம்தான் காதில் விழுந்தது. கத்தியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கத்தியோடு நிற்பதில்லை, வைத்திருக்கிற ஆளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், இது அந்த ஆளுக்கும் அவர் பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பையன் படத்தை நீக்கிவிட்டான். தம்பி, நீ இதைப் படித்தால் மறுபடி போடு, கீழே முதல் ஆளாக நான் எழுதுகிறேன். சிரித்த நண்பர்கள் உங்கள் குறியை எடுத்துவிடுங்கள், இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். உள்பெட்டியில் "எது பெஸ்ட் கத்தி" என்று கேட்டிருப்பவர்கள், என்ன அறுக்கப் போகிறீர்கள், மழையில் நனையுமா, வீட்டில் தீட்டத் தெரியுமா என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.