ரோ மானுக்கு .223 போதுமா?

“ரோ மான் (ஐரோப்பாவின் சிறிய மான் இனம்) சின்னதுதானே, அதை வேட்டையாட பிரிட்டன் முழுக்க .223 காலிபர் ரைஃபிளே சட்டப்படி செல்லும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் சரி.

ஸ்காட்லாந்தில் செல்லும். குண்டின் எடை குறைந்தது 50 கிரெய்ன் (சுமார் 3.2 கிராம்), வேகம் வினாடிக்கு 2,450 அடி, ஆற்றல் 1,000 அடி-பவுண்டு இருக்க வேண்டும். எல்லை தாண்டி இங்கிலாந்து, வேல்ஸ் வந்தால் கதையே வேறு. 1991ஆம் ஆண்டு மான் சட்டப்படி காலிபர் (குழலின் உள்விட்டம்) .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆற்றல் 1,700 அடி-பவுண்டாவது வேண்டும். .223 குண்டின் விட்டமோ .224 அங்குலம். முண்ட்ஜாக், சீன நீர்மான் என்ற இரண்டு சிறிய மான் இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு; குழப்பமே அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்.

சரி, .243 வாங்கிவிட்டால் கவலை இல்லையா? தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் ஆற்றல் பெரும்பாலும் நீளமான சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் குட்டை என்றால் குறையும்; 1,700 வரம்பைத் தொடாமலும் போகலாம். ஒருமுறை குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சுட்டுப் பார்த்துவிடுங்கள்.